ஆறுதல் தரும் சிறிய பொருட்கள் இரண்டு

இது எனக்கு நடந்ததல்ல. கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் எட்டு மாதம் என்னோடு ஒரே அறையில் இருந்த சங்கவி, ஒரு மழைநாளில் நான் ஊருக்குப் போகப் பை அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னது. பாதி அவளாகச் சொன்னாள். மீதியை நான் குடைந்து கேட்டேன். அப்போது என்ன நினைத்தாய், அதற்கப்புறம் என்ன நினைத்தாய் என்று விடாமல் கேட்டதால் அவள் அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தை எழுந்து உட்கார்ந்து திரும்பவும் யோசித்துப் பார்த்தாள். சில இடங்கள் அவளுக்கு ஞாபகம் இல்லை. அந்த இடங்களில் நான் எதையும் சேர்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், அவள் வீட்டில் அவள். அதனால் சேர்ப்பது கடினமாக இல்லை.

ஒரு வியாழக்கிழமை, மணி மூன்று பத்து. திருப்பூரில் எட்டு வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு காம்பவுண்டில் ஐந்தாவது வீடு. தரையில் பாய், பாயின் மேல் வாய் திறந்த பை, பைக்கு எதிரே அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த அம்மா. ஆறு மணி பஸ்ஸில் பொள்ளாச்சி போக வேண்டும், அங்கே காட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றின் விடுதியில் தங்கிவிட்டு விடிந்ததும் ஜீப்பில் மலைக்கு. ஐந்து நாள் கூடாரத்தில் இருந்து காட்டு மரங்களின் சுற்றளவு எடுக்க வேண்டும். ஒன்பது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள், ஐந்து நாளும் பார்த்துவிட்டு மூன்று பேரை இரண்டு வருட வேலைக்கு எடுப்பார்கள். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று பன்னிரண்டு வரிப் பட்டியல் வந்திருந்தது. மொத்தம் எட்டுக் கிலோவுக்கு மேல் கூடாது, புறப்படுமுன் ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்போம் என்று மேலேயே போட்டிருந்தது. முதல் பத்து வரிகளில் சிக்கல் ஒன்றும் இல்லை. முழுக்கைச் சட்டை ஐந்து, அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை காலுறை, டார்ச். பதினோராவது வரியில்தான் சங்கவி மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தாள். உங்களுக்கு ஆறுதல் தரும் சிறிய பொருட்கள் இரண்டு, உங்கள் விருப்பம். அந்த உங்கள் விருப்பம்தான் அவளைப் பயமுறுத்தியது. பள்ளிக்கூடத்திலிருந்து எம்.எஸ்ஸி. வரை அவள் பார்த்த எந்தக் கேள்வித்தாளிலும் விருப்பம் என்பது விருப்பமாக இருந்ததில்லை. ஐந்தில் மூன்றை நாம் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அந்த மூன்றுக்கும் சரியான விடை ஏற்கெனவே எங்கேயோ எழுதி வைக்கப்பட்டிருக்கும். இதற்கும் இருக்கும். பையைத் திறப்பார்கள், எதை ஆறுதல் என்று எடுத்து வந்திருக்கிறாள் என்று பார்ப்பார்கள், ஒரு காகிதத்தில் ஏதோ குறித்துக்கொள்வார்கள். தலையணை என்றால் சொகுசுக்காரி. சாமி படம் என்றால் விஞ்ஞானம் படித்தும் இப்படியா. புத்தகம் என்றால் நடிக்கிறாள். ஒன்றுமே இல்லை என்றால் யோசிக்கத் தெரியாதவள், அல்லது ஏழை. ஏழை என்று தெரிவதில் வெட்கம் இல்லை, அதற்குச் சான்றிதழே இருக்கிறது. ஆனால் ஆறுதல் என்று ஒரு பொருள் கூடச் சொல்லத் தெரியாதவள் என்று தெரிவது வேறு. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. இந்த வீட்டில் இருக்கிற எதையும் யாரும் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை.

"ஏண்டி, ஆறுதல்னு போட்டிருக்கான், நீ என்ன சாவு வீட்டுக்கா போற?" என்றாள் அம்மா. அம்மாவின் பெயர் முத்துராக்கு, மானாமதுரைப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் இங்கே வந்தவள், பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். பட்டியலை முந்தின நாள் கம்பெனிக்கு எடுத்துப் போய் கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டிவிட்டு வந்திருந்தாள், அது டிபன் பையில் மடங்கிக் கிடந்து இப்போது சாம்பார் வாசனை அடித்தது. "கூடாரத்துக்குப் போறேம்மா. கொஞ்சம் சௌகரியமா இருக்கறதுக்கு ரெண்டு சாமான், நமக்குப் பிடிச்சது." "அப்ப கொடிக்கயிறு வையி." "அது ஆறுதல் இல்லம்மா, அது கயிறு." "ஈரச் சட்டையப் போட்டுக்கிட்டு ஒரு நாள் இருந்து பாரு. அப்புறம் சொல்லு கயிறு ஆறுதலா இல்லையான்னு." அம்மா சொல்வதில் நியாயம் இருந்தது, ஆனால் நியாயமான பதில் சரியான பதில் ஆகிவிடாது என்பதைப் படிப்பு அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. போன் சத்தம் போட்டது. ஒன்பது பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது, கோவைப் பெண் மிருதுளா படம் போட்டிருந்தாள்: தடித்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடி, பூப்போட்ட கோப்பை ஒன்று. என் ரெண்டும் ரெடி. அதற்குக் கீழே ஆதவ் என்று ஒருவன், எனக்கு ஊதுற தலையணையும் டிகாக்‌ஷன் பாட்டிலும், காபி இல்லன்னா நான் மனுஷனே இல்ல. அதற்குக் கீழே இன்னொருவன், இருந்தாலும் இல்ல. ஏழு பேர் சிரித்திருந்தார்கள். சங்கவி நானும் என்று தட்டினாள், அழித்தாள். சிரிக்கும் முகம் ஒன்றைப் போடலாம் என்று தேடினாள், எட்டாவதாகச் சிரிப்பது வேண்டாம் என்று விட்டாள். அம்மா எட்டிப் படத்தைப் பார்த்தாள். "இது நம்ம ஊரு சரக்கு இல்ல. கம்பளி. மோந்து பாத்தா ஆடு வாசம் அடிக்கும்." காலுறையைப் பற்றி அம்மா அப்படிச் சொன்னதும், படத்தின் பயம் கொஞ்சம் குறைந்தது. பிறகு மீண்டும் ஏறியது, ஏனென்றால் காலுறைக்குப் பின்னால் பன்னிரண்டாவது வரி இருந்தது.

பன்னிரண்டாவது வரி: மருந்துகள், உங்கள் விண்ணப்பத்தில் குறிப்பிட்டவை மட்டும். அவள் விண்ணப்பத்தில் எதுவும் குறிப்பிடவில்லை. மூன்று வாரத்துக்கு முன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தற்போது நோய் ஏதும் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று போட்டிருந்தாள். அலமாரியின் மூன்றாவது தட்டில், பவுடர் டப்பாவுக்குப் பின்னால், நீல நிற இன்ஹேலர் இருந்தது. அம்மா அதை பம்பு என்பாள். இல்லை என்று போட்ட அந்த நிமிடத்திலேயே அது அவளுக்குப் பொய்யாகத்தான் பட்டது, ஆனால் முழுப் பொய்யாகப் படாமல் இருக்கத் தற்போது என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மூச்சு இழுத்து இந்த வியாழக்கிழமையோடு நான்கு மாதம் ஆகியிருந்தது, சரியாகச் சொன்னால் நான்கு மாதம் பதினொரு நாள். அதற்கு முன் எந்தப் படிவத்திலும் அவள் பொய் எழுதியதில்லை. அங்க அடையாளம் என்று கேட்டால், இடது முழங்கைக்கு மேலே இருக்கும் மச்சம் முழங்கைக்கு மேலேயா நேராகவா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். படிவம் என்பது நம்மைத் தெரியாதவர்கள் நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஒரே வழி, அதில் கோணல் இருந்தால் நாமே கோணல் என்று ஆகிவிடும். அன்றைக்கு அம்மாதான் போனில் சொன்னாள். "இல்லைன்னு போடு. யோசிக்காத. எங்க கம்பெனில வெள்ளைத்தாயி என்ன ஆனா?" வெள்ளைத்தாயி அம்மாவோடு அதே மேசையில் நின்றவள். மெடிக்கல் கேம்ப் என்று டாக்டர் வந்து அன்பாகக் கேட்டதும், ஆமா சார் எனக்கு வீசிங் என்று அன்பாகச் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை அவள் நின்ற இடத்தில் வேறொருத்தி அட்டை வைத்து டி-ஷர்ட் மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்தக் கதையை எப்போது சொன்னாலும் வெள்ளைத்தாயி மேல்தான் கோபப்படுவாள், கம்பெனி மேல் அல்ல. கேட்டா சொல்லிருவியாடி, என்பாள், வெள்ளைத்தாயி முன்னால் நிற்பது போல.

இப்போது எடுத்துப் போனால் பையைத் திறக்கும்போது தெரியும். விண்ணப்பத்தில் இல்லாத மருந்து. இது என்ன என்று கேட்பார்கள். ஒருங்கிணைப்பாளர் ரெஜினா மேடம் கேட்பார், நேர்முகத் தேர்வில் ஒரு இலையைக் கையில் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் ஒன்றுமே பேசாமல் இருந்தவர். அவர் கோபப்பட மாட்டார், குறித்துக்கொள்வார். எடுத்துப் போகாவிட்டால் ஒன்றும் தெரியாது. நான்கு மாதம் பதினொரு நாள் வரவில்லை, இன்னும் ஐந்து நாள் வராமல் இருப்பது என்ன பெரிய விஷயம். நூற்று முப்பதுக்குச் சில்லறை நாளோடு ஐந்தைக் கூட்டினால் எவ்வளவு சதவீதம் என்று மனதில் கணக்குப் போட்டாள், மூன்றே முக்கால் வந்தது, அது நம்பிக்கை தரும் எண்ணாக இருந்தது. ஆனால் அந்த நூற்று முப்பது நாளும் அவள் திருப்பூர் வெயிலில் இருந்தவள். மலையில் காலையில் பனி இறங்கும், ஏற்றம் இருக்கும், கூடாரத்துத் துணியில் பூஞ்சை வாசனை இருக்கும். கடைசியாக வந்தது பல்கலைக்கழகத்தில், தாவரத் தொகுப்பு அறையில் பழைய தாள்களைத் தூசி தட்டியபோது. ரோஸ் நிறத்தில் இருந்த ஏதோ பூ, காய்ந்து பழுப்பாகி, தாளில் ஒட்டியிருந்தது. அதன் பெயர்ச் சீட்டைப் படித்துக்கொண்டே இருந்தவளுக்குப் பாதிப் பெயரில் மூச்சு நின்றது. நின்றது என்று சொல்வது சரியில்லை, உள்ளே போனது, வெளியே வர மறுத்தது. வெளியில் இருப்பவர்கள் மூச்சு கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் நெஞ்சு நிறைய மூச்சு இருக்கும், பழைய மூச்சு, அதை வெளியே விட்டால்தான் புதியதற்கு இடம். கதவு சின்னதாகிவிட்ட வீட்டில் விருந்தாளிகள் நிற்பது போல. அப்போது பேச முடியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனை வரை ஒரே மூச்சில் எண்ண முடிகிறது என்று பார்ப்பார், அவள் ஒரு தடவை நான்கோடு நின்றிருக்கிறாள். மலைச் சரிவில் ஒரு வெடிப்பலா மரத்தைச் சுற்றி டேப் பிடித்து நிற்கும்போது அப்படி ஆனால்? மேடம் நோட்டும் பென்சிலுமாக எண்ணுக்குக் காத்திருப்பார். நூற்றி இருபத்தி நாலு புள்ளி ஐந்து. எவ்வளவு நீளமான எண். அதைச் சொல்ல எவ்வளவு காற்று வேண்டும். பாயில் உட்கார்ந்தபடியே அவள் வாயசைக்காமல் ஒன்று இரண்டு என்று எண்ணிப் பார்த்தாள், முப்பத்தொன்று வரை போனது. நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு முறை எண்ணினாள், இருபத்தொன்பது. இரண்டு எங்கே போனது என்று பயம் வந்தது. பயம் வந்தால் இழுக்கும் என்று தெரியும், அதனால் பயத்தைப் பற்றிப் பயம் வந்தது. அலமாரியைப் பார்க்காமல் பையைப் பார்த்தாள்.

அம்மா பை அடுக்குவதைப் பார்ப்பது நிம்மதியாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அட்டைப் பெட்டியில் சட்டை அடுக்கிய கை. ஒவ்வொரு சட்டையையும் தரையில் விரித்து, கைகளைப் பின்னால் மடக்கி, செவ்வகமாக்கி, மேலே உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியே தள்ளி, கவரில் போட்டு டேப் ஒட்டினாள். கவருக்கு மேலே ஸ்கெட்ச் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நாள் எண். "அஞ்சாம் நாளுக்கு அஞ்சாம் நம்பரு. கலைக்காத. ஒன்ன எடுத்தா இன்னொன்னு சாயக் கூடாது." "ஏம்மா, எக்ஸ்போர்ட்டுக்கா அனுப்பற?" "எக்ஸ்போர்ட்டுன்னா ஊசி மிஷின்ல விட்டுத்தான் அனுப்புவோம். உன்னையும் ஒரு தடவை அதுல விட்டு எடுக்கணும்." துணிக்குள் உடைந்த ஊசி முனை ஒளிந்திருந்தால் கத்தும் மிஷின் அது. அம்மா சும்மாதான் சொன்னாள். ஆனால் சங்கவிக்கு அந்த மிஷினின் நாடாவில் தான் படுத்துக்கொண்டு மெதுவாக உள்ளே போவது தெரிந்தது, எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு அது கத்துகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் பேச்சை மாற்றினாள். படுக்கைப் பைக்குள் போடும் உள்ளுறையைக் காட்டி, இது எங்கே கிடைத்தது என்றாள். காதர்பேட்டையில், ஏற்றுமதியில் கழித்த துணி விற்கும் செகண்ட்ஸ் கடையில். போன வருடம் அம்மாவின் கம்பெனிக்கு இந்த உள்ளுறை ஆர்டர் வந்ததாம். ஆள் உயரம், கை விட வழி இல்லை, தலைப்பக்கம் நாடா. எதற்கு என்று சூப்பர்வைசருக்கே தெரியவில்லை. பொணத்துக்கு என்றாள் ஒருத்தி. "நம்ம சரசு சொன்னா, இதுக்குள்ள புருசனப் போட்டு நாடாவ இழுத்துக் கட்டிட்டா ராத்திரி நிம்மதின்னு. லைனே சிரிச்சிருச்சு." மூவாயிரத்து அறுநூறு உறை மடித்து அனுப்பியவர்களுக்கு அதில் படுத்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது. அம்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "நல்ல துணி, பிள்ளைக்கு நெஞ்சுல குளிர் ஏறாது" என்றாள். நெஞ்சு என்று சொன்னதும் அம்மா அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.

அவள் நெஞ்சைப் பற்றி அம்மா நேராகப் பேசுவதில்லை. அதற்குக் காரணம் இருந்தது, அதையும் இருவரும் பேசியதில்லை. சங்கவி ஒன்றரை வயதில் அம்மாவோடு கம்பெனிக்குப் போனவள். கட்டிங் மேசைக்குக் கீழே வெட்டுத் துணி மூட்டைகள் மேல் படுக்க வைப்பார்கள். மெத்தையை விட மென்மையான படுக்கை, அதை விட நல்ல படுக்கை அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்ததில்லை. அவளுக்கு அது ஞாபகம் இருக்க முடியாது, ஆனால் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். டியூப்லைட் வெளிச்சத்தில் பஞ்சு மிதப்பது, அது கண் இமையில் வந்து உட்காருவது, யாரோ ஒரு அக்கா குனிந்து உஃப் என்று ஊதி அதைப் பறக்கவிடுவது. பறந்தது எங்கே போகும், மூக்குக்குள்தான். மூன்று வயதில் முதல் தடவை ஆஸ்பத்திரி. முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை விட்டபோது அம்மா கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு எந்தத் தடவையும் அம்மா வெளியே போய் நின்றதில்லை. மாஸ்க்கைத் தன் கையாலேயே பிடித்துக்கொள்வாள், நர்ஸ் கேட்டாலும் தர மாட்டாள். இப்போது யோசித்தால், ஆறுதல் தரும் பொருள் என்று தன் வாழ்க்கையில் ஏதாவது இருந்திருந்தால் அது அந்த மாஸ்க்தான் என்று சங்கவிக்குத் தோன்றியது, அதன் பிளாஸ்டிக் வாசனை, முகத்தில் ஈரமாகப் படும் அந்தப் புகை, இரண்டாவது நிமிடத்தில் தோள் தானாக இறங்குவது. அதன் சின்ன வடிவம்தான் அந்த நீல பம்பு. அப்படியானால் பதினோராவது வரிக்கு விடை அதுதான், பன்னிரண்டாவது வரிக்கு அல்ல. ஆறுதல் தரும் சிறிய பொருள், என் விருப்பம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இது கெட்டிக்காரத்தனமான விடை. கெட்டிக்காரத்தனமாக இருப்பதாலேயே இது பொய் என்பதும் தெரிந்தது.

நான்கு பத்துக்கு எழுந்து அலமாரியைத் திறந்தாள். அம்மா ரப்பர் செருப்பைக் கழுவ வெளியே போயிருந்தாள். நாள் முழுதும் பூட்ஸில் கிடந்த காலுக்கு ரப்பர் செருப்பை விடப் பெரிய சுகம் இல்லை என்பது அம்மாவின் கருத்து, நின்றே வேலை செய்கிறவள் சொன்னால் அதில் எதிர்க்க ஒன்றும் இல்லை. பம்பின் அட்டைப் பெட்டியில் ஒவ்வொரு முறை அழுத்தியதற்கும் ஒரு பேனாக் கோடு போட்டு வைத்திருந்தாள், ஐந்து ஐந்தாக, எழுபத்தொரு கோடு. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு பம்பை மட்டும் எடுத்தாள். முதலில் கம்பளித் தொப்பிக்குள் வைத்தாள், தொப்பி புடைத்தது. காலுறைக்குள் வைத்தாள், காலுறையைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று எடுத்தாள். பிறகு நாப்கின் பாக்கெட். அதை யாரும் பிரிக்க மாட்டார்கள், மேடம் கூடத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்பார். இரண்டு நாப்கினுக்கு நடுவே அது கச்சிதமாக உட்கார்ந்தது. பாக்கெட்டின் வாயை மடித்து ஒட்டி, பையின் அடியில், நான்காம் நாள் கவருக்குக் கீழே செருகினாள். நெஞ்சு லேசானது. பிரச்சினை தீர்ந்துவிட்டது, எடுத்தும் போகிறாள், எடுத்துப் போகவும் இல்லை. உட்கார்ந்து போனை எடுத்து, குழுவில் எனக்கு ரப்பர் செருப்பும் கொடிக்கயிறும் என்று எழுதினாள். அனுப்பிவிட்டாள். உடனே மிருதுளா, ஐயோ கயிறு சூப்பர் ஐடியா, எனக்கும் கொஞ்சம் இடம் குடு என்று பதில் போட்டாள். அது சரியான விடைதானா என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா செருப்பைத் துடைத்துக்கொண்டே வந்தாள், பையைப் பார்த்தாள். பெட்டியில் ஒரு சட்டை இடம் மாறியிருந்தாலும் மூடுவதற்கு முன்னால் கண்டுபிடிக்கிற கண். உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கவர்களை வரிசை கலையாமல் வெளியே எடுத்து வைத்தாள், நாப்கின் பாக்கெட்டை எடுத்தாள், வாயைப் பிரித்தாள், பம்பை எடுத்து இருவருக்கும் நடுவே பாயில் வைத்தாள். சங்கவி திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள், எதற்கு என்றுதான் தெரியவில்லை, எடுத்துப் போவதற்கா ஒளித்ததற்கா. அம்மாவின் குரல் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவளுக்குச் சொல்கிற குரலாக இருந்தது. "எது மொதல்ல வேணுமோ அது கடைசியா உள்ள போகணும். மூச்சு இழுக்கறப்ப நீ இதெல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சுட்டு, பாக்கெட்டப் பிரிச்சு, அப்புறம் அமுக்குவியா?" "பையப் பாப்பாங்கம்மா. மேல வச்சா தெரியும்." "தெரியும்தான்." "நீதான இல்லைன்னு போடச் சொன்ன?" "ஆமா, நாந்தான் சொன்னேன்." அம்மா பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காயிதத்துல இல்லைன்னு போடுறது வேற. பையில அடியில போடுறது வேற. காயிதம் மூச்சு விடாது." பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. சங்கவிக்கு அம்மா மேல் கோபம் வந்தது, நியாயமான கோபம்தான், இல்லை என்று எழுதச் சொல்லிவிட்டு இப்போது மேலே வை என்றால் என்ன அர்த்தம், நடுவில் நான் என்ன செய்வது. கோபத்தில் நெஞ்சு இறுகுகிறதா என்று பார்த்தாள், இல்லை. மேல் பாக்கெட்டில் வைத்தால் திறந்தவுடன் தெரியும். திறந்தவுடன் தெரிவதை அவர்களாகப் பார்ப்பதற்கு முன்னால் தானாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வர வேண்டாம் என்பார்கள், அப்படிச் சொன்னால் இங்கேயே, பாயில் உட்கார்ந்தபடி, பஸ் ஏறுவதற்கு முன்னால் தெரிந்துவிடும். எட்டுப் பேர் பார்க்க ஜீப்பிலிருந்து இறங்க வேண்டியதில்லை. தைரியம் என்று அதற்குப் பெயர் இல்லை, அவமானத்தில் எது சின்னது என்று பார்த்தாள், அவ்வளவுதான். இதை அவளே என்னிடம் அழுத்திச் சொன்னாள், அதனால் அப்படியே எழுதுகிறேன். நான்கு நாற்பதுக்குப் பட்டியலின் அடியில் இருந்த எண்ணுக்குப் போட்டாள். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"சொல்லுங்க சங்கவி."

"மேடம், ஒரு விஷயம். எனக்கு வீசிங் இருக்கு. சின்ன வயசுலேருந்து. ஃபார்ம்ல இல்லைன்னு எழுதிட்டேன்."

இலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தாரே, அதே மௌனம். சங்கவி மனதுக்குள் எண்ணினாள், ஏழு வந்தது.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"நாலு மாசம் முன்னாடி மேடம். நாலு மாசம் பதினொரு நாள்."

"என்ன இன்ஹேலர், நீலமா?"

"ஆமா மேடம்."

"நீங்க திருப்பூர்தானே? வீட்ல பனியன் கம்பெனி வேலையா?"

"ஆமா மேடம். அம்மா பேக்கிங்."

"ம். சரி. கால்சட்டைப் பையில வச்சுக்குங்க, பைக்குள்ள வேண்டாம், ஏறும்போது பை ஜீப்லயே இருக்கும். நாளைக்குக் காலையில ஃபார்ம்ல அந்த வரிய அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. ஏற்றத்துல உங்களக் கடைசியா நடக்க விடுவேன், கோச்சுக்காதீங்க, கடைசில நானும் வருவேன். வேற ஏதாவது எழுதாம விட்டிருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"பஸ்ஸப் பிடிங்க."

போனை வைத்த பிறகு அவளுக்கு அழுகையோ சந்தோஷமோ வரவில்லை. ஊரை ஏன் கேட்டார், வேலையை ஏன் கேட்டார், பஞ்சுத் தூசியில்தான் வந்திருக்கும் என்று யூகித்திருப்பாரோ, அல்லது படித்த குடும்பமாக இருந்தால் உண்மை எழுதியிருப்பார்கள் என்று நினைத்திருப்பாரோ என்று ஒரு புதிய இடத்தில் மனம் போய் மாட்டிக்கொண்டது. அம்மா டீயோடு வந்து, "என்ன சொன்னாங்க" என்றாள். "கால்சட்டைப் பையில வைக்கச் சொன்னாங்க." "அதான் சரி" என்றாள் அம்மா, பேக்கிங் பற்றிய கருத்தாக. வேஸ்ட் துணி வியாபாரம் செய்கிற முதல் வீட்டுக்காரரிடம் கொக்கித் தராசு வாங்கி வந்து பையை மாட்டித் தூக்கினார்கள், எட்டுக் கிலோ இருநூறு. அம்மா யோசிக்காமல் தான் ஒளித்து வைத்திருந்த கடலை உருண்டை டப்பாவை எடுத்துவிட்டாள், செருப்பையும் கயிற்றையும் தொடவில்லை. ஐந்தே காலுக்கு இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். நடக்கும்போது பம்பு தொடையில் இடித்துக்கொண்டே வந்தது என்றாள் சங்கவி, அது இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல். அந்த ஐந்து நாளில் அதை மூன்று தடவை அழுத்தினாள். மூன்று பேரில் ஒருத்தியாக அவளை எடுத்தார்கள்.

அவள் சொன்னது இவ்வளவுதான். அவள் வேலை முடித்துப் போன பிறகு, அந்த நிறுவனத்தில் எனக்கு மூன்று வாரம் வேலை கிடைத்தது, முகாம்களின் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை. அந்த வருடத்து நோட்டை நான் தேடித்தான் எடுத்தேன், அதை மறைக்கவில்லை. வியாழன் மாலை நான்கு நாற்பது என்று எதுவும் இல்லை, அவள் பேசியதை ரெஜினா மேடம் எழுதி வைக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தின பக்கத்தில் அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது: காலை 10.50. ஒரு அம்மா பேசினார். பின்னால் மிஷின் சத்தம். மகளுக்கு வீசிங், மலை மேல் அந்த மருந்து இருக்குமா என்று கேட்டார். மகள் பெயர் கேட்டதும் வைத்துவிட்டார். நீல இன்ஹேலர் இரண்டு வாங்கி முதலுதவிப் பெட்டியில் வைக்க. ஒன்பது விண்ணப்பங்களையும் எடுத்துப் பார்த்தேன், அதில் திருப்பூர் முகவரி ஒன்றுதான். பக்கத்தின் தலையில் இருந்த தேதியை நாட்காட்டியோடு இரண்டு முறை ஒப்பிட்டேன். அது புதன்கிழமை, பட்டியல் அம்மாவோடு கம்பெனிக்குப் போயிருந்த நாள்.